பனியனில் இருந்த கார்

அந்தக் காரை நான் முதலில் பார்த்தது ஒரு பனியனின் நெஞ்சில். கறுப்புப் பனியன்; டீ-சர்ட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெளிநாட்டுக்குப் போக வேண்டியது, தையல் கோணிப்போனதால் கழித்துப் போட்டிருந்தார்கள். கொண்டுவந்தவர் அதை எங்கள் பட்டறையில் நின்ற ஒரு டாக்சியின் பானெட்டின் மேல் விரித்து, கையால் நீவிவிட்டார்.

"இதைக் கட்டிக் குடுக்க முடியுமுங்களா?"

"எதைங்க, பனியனையா?" என்றார் மேஸ்திரி.

"காரைங்க."

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். வேலம்பாளையத்தில் மேஸ்திரியின் டிங்கரிங் பட்டறையில் நான் தகடு வேலையும் வெல்டிங்கும் பார்த்துவந்தேன். அடிபட்டு நசுங்கி வரும் வண்டிகளைத் தட்டி நிமிர்த்திச் சொட்டை எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. புதிதாக ஒரு வண்டியைக் கட்டச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை.

பனியனில் இருந்தது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத கார். மட்கார்டு கிடையாது. பின்சக்கரம் பெரியது, முன்சக்கரம் சிறியது. என்ஜின் பாதி மூடாமல் வெளியே தெரிந்தது. அதன் விலாவிலிருந்து நான்கு புகைக்குழாய்கள் வரிசையாக வெளியே வளைந்திருந்தன. மூக்கிலிருந்து கதவு வரைக்கும் நெருப்பு எரிகிற மாதிரி பெயிண்ட். மேலே அரைவட்டமாக இங்கிலீஷ் எழுத்து. நான் ஐந்தாவதோடு நின்றவன். அதை வாசிக்க முயற்சி செய்யவில்லை. வந்தவரே சொன்னார். அதற்கு ஹாட் ராட் என்று பெயராம். அமெரிக்காவில் தாத்தா காலத்துக் காரை வாங்கி, வேண்டாததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பெரிய என்ஜினை வைத்துத் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்வார்களாம்.

அவருக்கு மங்கலம் ரோட்டில் ஒரு ஷெட்டும் ஐந்து நிட்டிங் மெஷினும் இருந்தன. ஒரு பெரிய பனியன் கம்பெனிக்குத் துணி ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி முதலாளியின் பெண்ணைத்தான் அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, பெண்ணுக்கும் பிடித்து, பெரியவர்களே பேசி முடித்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருந்தது, நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லும் வரை.

"மாப்பிள்ளை அழைப்புக்கு எங்க காரு வந்துரும், மாப்பிள்ளை ஏறி உக்காந்தாப் போதும்னு சொன்னாருங்க. சபையில எல்லாரும் சிரிச்சாங்க. அவரு தப்பாச் சொல்லலீங்க. ஆனா, ஏறி உக்காந்தாப் போதும்னு சொல்லீட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ற வண்டியிலதான் வருவேன்னு சொல்லிப்போட்டனுங்க."

"என்ன வண்டிங்க வெச்சிருக்கீங்க?"

அவர் திரும்பி வாசலைக் காட்டினார். வாசலில் ஒரு மொபெட் நின்றது.

மேஸ்திரி சிரிக்காமல் இருக்க வெற்றிலையை எடுத்தார். "கோயமுத்தூர்ல ஓப்பன் காரு வாடகைக்குக் கெடைக்குமுங்களே. பூ ஜோடிச்சே அனுப்புவாங்க."

"வாடகைக்கு எடுத்தா என்ற வண்டி ஆகுமுங்களா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது பேசினால் நான் வேறு எதையாவது பார்ப்பது வழக்கம். என் பார்வையைச் சம்மதம் என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் தொடங்கினோம். கல்யாணம் தையில்.

சேசிஸ் ஒரு பழைய ஜீப்பினுடையது. பின்பக்கத்தை வெட்டி மேலே ஏற்றி ஒட்டினோம். அப்போதுதான் உடம்பு படத்தில் இருந்தபடி தரையோடு ஒட்டி உட்காரும். என்ஜினும் கியர்பாக்ஸும் ஓட்டி ஓய்ந்த ஒரு அம்பாசடரில் இருந்து வந்தன. அமெரிக்காக்காரர்கள் எட்டு சிலிண்டர் வைப்பார்களாம்; எங்களுக்கு நாலுதான். முன்சக்கரம் ஃபியட், பின்சக்கரம் ஜீப். விளக்குகள் இரண்டும் புல்லட் மோட்டார் சைக்கிளில் இருந்தவை. புகைக்குழாய்க்குத் துருப்பிடிக்காத குழாய் வேண்டும் என்று அவர் தேடி, மூடிய ஒரு சாயப்பட்டறையில் கிடந்ததைக் கொண்டுவந்தார். சாயம் ஓடிய குழாய். எவ்வளவு தேய்த்தும் உள்ளே ஒரு நீலம் போகவில்லை. அம்பாசடர் என்ஜினுக்குப் புகை ஒரு பக்கம்தான் போகும். பனியனில் தெரிந்ததும் ஒரு பக்கம்தான். அடுத்த பக்கம் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் அங்கேயும் நாலு குழாய் வேண்டும் என்றார். வைத்தோம். அவற்றின் வழியாக எதுவும் வராது. சீட்டுக்கு ரெக்சின் போட்டவர் ஆட்டோ சீட் தைப்பவர். தன் பழக்கப்படி முதுகில் இரண்டு மயில் தைத்துவிட்டார், அப்புறம் பிரிக்க வைத்தோம். நெருப்பை வரைந்தவர் லாரிக்குப் படம் எழுதுபவர். பனியனில் இருந்த நெருப்பு நாக்கு நாக்காக நீண்டிருந்தது. இவர் வரைந்தது அக்கினிச் சட்டியில் எரிகிற நெருப்பு மாதிரி வந்தது. அது நன்றாகத்தான் இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம்.

உடம்புக்குத்தான் வழி தெரியவில்லை. சொட்டை எடுப்பவனுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். இங்கே இருந்தது உள்ளங்கை அகலப் படம். இதைப் பெரிதாக்கி, எந்தத் தகட்டை எங்கே வெட்டுவது என்று யார் சொல்வது?

"வேற யாருங்க, நம்ம அண்ணாச்சிதான்" என்றார் மாப்பிள்ளை.

அண்ணாச்சி ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படத்தைப் பார்த்தே பனியனுக்கு அளவுக் காகிதம் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்தார். படத்தில் இருந்த சக்கரத்தை இஞ்சு டேப்பால் அளந்தார், ஜீப் சக்கரத்தை அளந்தார், அதை வைத்து மற்றதெல்லாம் கணக்கிட்டார். பழுப்புக் காகிதத்தில் துண்டு துண்டாக வெட்டி ஆணியில் மாட்டினார். பானெட்டை முன்பாடி என்றார், கதவை ஒட்டிய பக்கங்களைக் கை என்றார், பின்புறத்தைப் பின்பாடி என்றார். கழுத்துக்கு வெட்டுவதுபோல் சீட்டுக்கு வளைவாக வெட்டினார். அவர் சாக்பீஸ் பிடிக்கிற கையில் தயக்கமே இருக்காது. அந்தக் காகிதங்களைத் தகட்டின் மேல் போட்டு, கோடு போட்டு, நான் வெட்டினேன்.

எல்லாத் துண்டுகளையும் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியபோது ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்தின. நாங்களே ஆச்சரியப்பட்டோம். பிறகு ஆறு பேர் தூக்கிச் சேசிஸின் மேல் வைத்தோம். முன்பக்கம் ஒரு சாண் நீண்டிருந்தது.

மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார். "ஏனுங்க அண்ணாச்சி, எதுக்கு இத்தனை நீளம்?"

"சுருக்கத்துக்கு விட்டுருக்கேம்லா."

"எது சுருங்குமுங்க?"

அண்ணாச்சி தகட்டைத் தொட்டுப் பார்த்தார். பனியன் துணி துவைத்தால் நீளத்தில் சுருங்கும். அதற்கென்று கூட்டி வெட்டாவிட்டால் சரக்குத் திரும்பி வந்துவிடும். வருஷக்கணக்காகக் கூட்டிக் கூட்டிப் பழகிய கை. காகிதத்தைக் கண்டதும் தானாகக் கூட்டியிருக்கிறது.

"துணிதாம்" என்றார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்றார் மேஸ்திரி. "ரெண்டு நாள் தொட்டியில ஊறப் போட்டுப் பாப்பம்."

பட்டறையே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், ஆனால் தேநீர் வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெட்டிக் குறைத்தால் மூக்கின் வளைவு கெட்டுப்போகும். மாப்பிள்ளை தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, நீளமாக இருப்பதுதான் அழகு, இப்படியே இருக்கட்டும் என்றார். அண்ணாச்சியின் முகத்துக்காகச் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ தெரியவில்லை. உடம்பு நீண்டதால் மூக்கும், மூக்குக்குள் இருக்கிற ரேடியேட்டரும் முன்னால் போயாக வேண்டும். மேஸ்திரி சொன்னபடி ரேடியேட்டரைத் தள்ளி வைத்து, தண்ணீர்க்குழாயை நீளப்படுத்தினேன். என்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது. என்ஜினோடு சுற்றுகிற காற்றாடியும் இருந்த இடத்திலேயே இருந்தது. ரேடியேட்டருக்கும் காற்றாடிக்கும் நடுவில் ஒரு சாண் வெற்றிடம் விழுந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மார்கழிக் காலை ஒன்றில் மங்கலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மேஸ்திரியின் வயிறு ஸ்டீயரிங்கில் முட்டியதால் நான் ஓட்டினேன், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். கார் பறந்தது. முகத்தில் பனிக்காற்று அடித்தது. வெப்பம் காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. பால் வண்டிக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். திரும்பி வந்ததும் மாப்பிள்ளை நேராகப் பெண்ணின் அண்ணனுக்குப் போன் செய்தார்.

"மச்சான், உங்க காரு வேண்டாமுங்க. என்ற வண்டி ஓடுது."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் காது சிவந்தது. "வந்துட்டுப் போகட்டுமுங்க, பின்னால வரட்டும்" என்று வைத்துவிட்டார். வழியில் நின்றால் ஏற்றிக்கொள்ளத் தங்கள் காரும் பின்னால் வரும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை அழைப்பன்று காரை அவரே ஓட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். அவருடைய அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மாலையப் போட்டுட்டு டிரைவராட்ட வருவியா? ஊர் சிரிக்கும் கண்ணு." அப்படியானால் ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அந்தக் கிளட்ச் என் காலுக்கு மட்டும்தான் படிந்திருந்தது. இருப்பது இரண்டே சீட். மாப்பிள்ளைக்குத் தோழனாகச் சொந்தத்தில் யாராவது உட்கார வேண்டிய இடத்தில், புது வேட்டி சட்டையோடு நான் உட்கார்ந்தேன். நான் என் கல்யாணத்திலேயே அவ்வளவு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்ததில்லை. எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் இருந்து புறப்பட்டோம். முன்னால் மேளம், பிறகு ஆண்கள், பிறகு எங்கள் கார், இரண்டு பக்கமும் டியூப் லைட் பிடித்தவர்கள், பின்னால் அந்த விளக்குகளுக்கான ஜெனரேட்டர் வண்டி. கடைசியில் பெண் வீட்டாரின் நீளமான வெள்ளைக் கார், ஆள் இல்லாமல், டிரைவர் மட்டும். பெண்ணின் அண்ணன் பட்டுச்சட்டையோடு அதன் பக்கத்தில் நடந்து வந்தார்.

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மாடிகளில் இருந்தும் பார்த்தார்கள். எனக்குக் கண் வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. முள்ளின் மேல் வைத்துக்கொண்டேன். அதனால் அது ஏறுவதை முதலில் பார்த்தது நான்தான்.

மங்கலம் ரோட்டில் போன வேகத்தில் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்தது. இங்கே நாயனக்காரர் நின்று வாசித்து, நாலு அடி நடந்து, மறுபடி நின்று வாசித்தார். காற்றாடி அதன் இடத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி இருந்த ரேடியேட்டருக்கு அது எட்டவே இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் கார் நடந்துதான் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதில் இருந்தே தெரியும். ஓட்டிப் பார்த்த அன்று ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

"ஏனுங்க" என்றேன் மெதுவாக. மேளத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அதற்குமேல் சத்தம் போட எனக்கு வரவில்லை.

ஒரு பேக்கரி முக்கில், காரின் மூக்கில் இருந்து ஆவி குபுகுபுவென்று எழும்பியது. எழுதியிருந்த நெருப்பின் மேல் அது நிஜப் புகை மாதிரி படர்ந்தது. கூட்டம் கைதட்டியது. இதுவும் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். நான் என்ஜினை நிறுத்தினேன். மேளக்காரர்கள் தெரியாமல் கொஞ்ச தூரம் போய், பிறகு திரும்பி வந்தார்கள்.

பெண்ணின் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளைக் காரும் நகர்ந்து பக்கத்தில் வந்து நின்றது. அதன் கதவை டிரைவர் திறந்தும் வைத்துவிட்டார்.

"பரவால்லீங்க மாப்ளே. இத்தனை தூரம் வந்ததே பெருசு. ஏறுங்க."

"இல்லீங்க மச்சான்."

"மண்டபத்துல எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"இருக்கட்டுமுங்க."

"இதுல ஏறுனா என்னங்க கொறைஞ்சு போயிரும்?"

"நான் இப்ப எறங்கினா, இனி எப்பவும் எறங்கினவன்தானுங்க."

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "சரி சாமி, நாங்க தள்ளிட்டு வர்றோம். ஆளா இல்ல?" என்றார். நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"தள்ளினா அது காரு இல்லீங்க, தேரு" என்றார் மாப்பிள்ளை. மாலை அவர் மடியில் குவிந்திருந்தது. வேர்த்திருந்தது. கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், யாரோ தூக்கிவிடப் போவதுபோல்.

பெண்ணின் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, இதுக்கு என்னங்க நோவு?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"காத்து பத்தலீங்க" என்றேன்.

"எங்கே?"

நான் கையால் ரேடியேட்டரைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். பேக்கரிக்குள் போனார். வரும்போது தோளில் ஓர் ஆளுயர ஸ்டாண்ட் ஃபேன் இருந்தது. பேக்கரிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஜெனரேட்டர் வண்டியை முன்னால கொண்டாங்க."

"அது வழக்கம் இல்லீங்க" என்றார் ஜெனரேட்டர்காரர். "எப்பவும் கடைசியிலதானுங்க வரும். சத்தத்துல மேளம் கேக்காது."

"மேளம் நல்லாக் கேட்டாச்சுங்க. கொண்டாங்க."

ரேடியேட்டரை ஆறவிட்டு ஆறவிட்டுப் பேக்கரித் தண்ணீரை ஊற்றினேன். அதற்குள் ஃபேனை ஜெனரேட்டர் வண்டியின் பின்விளிம்பில், காரைப் பார்க்கத் திருப்பி, துண்டால் கட்டினார்கள். வண்டி நகர்ந்ததும் ஃபேன் சாய்ந்தது. பெண்ணின் அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் அதை இடுக்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டார். நான் என்ஜினைக் கிளப்பினேன். கிளம்பியது.

மிச்ச தூரம் முழுக்க இப்படித்தான் போனோம். மச்சான் போகிற திசைக்கு முதுகு காட்டி முன்னால் போக, நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னால். ஃபேன் காற்று முழுக்க எங்கள் பக்கம். ஜெனரேட்டர் புகையும் அதோடு சேர்ந்து எங்கள் பக்கம்தான் வந்தது. மாப்பிள்ளையின் நெற்றியில் சந்தனத்தின் மேல் கரி படிந்தது. வீடியோக்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். முள் இறங்கி, பாதிக்குச் சற்று மேலே நின்றது.

"போதுமுங்களா மாப்ளே?" என்று அவர் கத்தினார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"போதுமுங்க மச்சான்!"

"இன்னும் கிட்ட வாங்க! பயப்படாதீங்க!"

"நீங்க விழுந்துராதீங்க!"

"நான் விழுந்தா நீங்களே என்ற மேல ஏத்திட்டுப் போயிருங்க, ஊர் பேசறதுக்கு ஒண்ணு இருக்கட்டும்!"

மாப்பிள்ளை அன்று முதல்முறையாகச் சிரித்தார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். நான் சாவியைத் திருப்பினேன். சூட்டில் என்ஜின் நிற்காமல் இன்னும் நாலு சுற்றுத் தானாகச் சுற்றி, உதறிவிட்டு ஓய்ந்தது. மாப்பிள்ளை கதவுக்கு மேல் கால் போட்டு இறங்கினார். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார், ஜெனரேட்டர் வண்டியில் இருந்து கறுத்த சட்டையோடு இறங்குகிற தன் மகனைப் பார்த்தார்.

"நீ ஏண்டா அதுல வர்றே?"

"மாப்பிள்ளை அவரு காருல வந்தாருங்கப்பா" என்றார் மகன். "நான் கூட வந்தனுங்க."

பிறகு அவரே மாப்பிள்ளைக்கு மாலை மாற்றி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நான் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் காரிலேயே இருந்தேன். பேக்கரிக்காரர் வந்து ஃபேனை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படுகிற நேரம். இந்த முறை அவரே ஓட்டுவார் என்று காரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். மாப்பிள்ளை வந்து பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்ணா, நாங்க மச்சான் காருலயே போறமுங்க. அவளுக்குப் புழுதி ஆகாதாம்."

"சரிங்க."

"நீங்க இதை ஊட்டுக்குக் கொண்டாந்துருங்க."

அவர் வெள்ளைக் காரில் ஏறி உட்கார்ந்தார். பெண்ணின் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவர்கள் போன பிறகு நான் தனியாக மங்கலம் ரோட்டில் வந்தேன். வெயில் ஏறியிருந்தது, ரோடு காலியாக இருந்தது. கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். முள் பாதியில் நின்றது.